ஓர் எண்ணின் வரலாறு



வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் இராமநாதபுரம் சீமையில் பிறந்தவர்க்குச் சேதுபதி மன்னர்களும், 1914-ஆம் ஆண்டில் கடலின்மேல் எழுந்த பாம்பன் பாலமும் நினைவுக்கு வருதல் இயல்பு. வகுப்பறையில் நின்ற காலமெல்லாம் நானும் அவற்றையே சொல்லி வந்தேன். இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டது மன்னர் வரலாறன்று. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஒரு வரியாக அச்சாகும் ஓர் எண்ணின் வரலாறு. அந்த எண்ணுக்கும் பிறப்பு உண்டு. அதற்குப் பலர் பல காலங்களில் வெவ்வேறு பொருள் கூறியதுண்டு. தவறான பொருளால் ஒரு நல்ல மனிதர் தலைகுனிந்ததும் உண்டு. அந்த மனிதரிடமிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஏர்வாடியில் என்னோடு பல ஆண்டுகள் பணியாற்றிய தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊரார் அவரைப் புலவர் என்றே அழைப்பர். மெலிந்த உடல், குச்சி போன்ற கைகள், வேட்டிக் கட்டுக்குமேல் மட்டும் சிறிது முன்தள்ளிய வயிறு. வெற்றிலைகூடப் போடாதவர். சில ஆண்டுகளுக்கு முன், ஓயாத களைப்பு என்று அவர் ஓரிடத்தில் இரத்தம் சோதித்துக்கொண்டார். சீட்டில் எஸ்.ஜி.பி.டி. என்ற வரியில் 58 என்றும், அதற்கு மேல் வரியில் எஸ்.ஜி.ஓ.டி. என்பதில் 34 என்றும் இருந்தன. சீட்டைப் பார்த்தவர் தலை நிமிராமலே, “எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள்?” என்று கேட்டார். இல்லை என்று புலவர் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. சீட்டின் ஓரத்தில் பென்சிலால் ‘மது’ என்றெழுதி ஒரு கேள்விக்குறி இட்டார். அருகில் புலவரின் மனைவியார் அமர்ந்திருந்தார்.

சிற்றூரில் ஒரு செய்தி நடக்க நாள் தேவையில்லை. தர்கா வாசலில் கடை வைத்திருப்பவர்வரை அது போய்ச் சேர்ந்தது. அன்று மாலை புலவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, “சார், இந்த வயதில் எனக்கு இந்தப் பெயரா? நீங்களாவது நம்புகிறீர்களா?” என்று கேட்டார். “புலவரே, உங்களை நம்புகிறேன், அந்த எண்ணைத்தான் நான் அறியேன்,” என்றேன். அறிய வேண்டும் என்ற எண்ணம் அன்று தோன்றியது. பள்ளியில் சரித்திரமும் சாமானிய விஞ்ஞானமும் கற்பித்தவன் என்ற முறையில் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் கல்லீரலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வயிற்றின் வலப்புறத்தில் விலா எலும்புகளின் மறைவில், வளர்ந்தவர்க்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கும் உறுப்பு அது. பித்தநீரைச் சுரப்பதே அதன் தலையாய வேலை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். பிரான்சு நாட்டு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார் 1848-இல் வேறொன்று கண்டார். சர்க்கரையே இல்லாத இறைச்சியை மட்டும் உண்ட நாயின் கல்லீரலிலிருந்தும் சர்க்கரை வெளிப்பட்டது. உண்ணாத சர்க்கரை எங்கிருந்து வந்தது? கல்லீரலே அதை ஆக்கித் தருகிறது என்று அவர் நிறுவினார். அது சேமித்து வைக்கும் கிளைக்கோஜன் என்னும் மாப்பொருளை 1857-இல் பிரித்தும் காட்டினார். நாம் உண்ணும்போது கல்லீரல் சர்க்கரையை வாங்கி வைக்கிறது. உறங்கும்போது அளந்து இரத்தத்தில் விடுகிறது. களஞ்சியமும் அதுவே, கணக்குப்பிள்ளையும் அதுவே. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதே இடத்திற்குத் திரும்பி வருவோம்.

இனி, அந்த எண் எதை அளக்கிறது என்று காண்போம். உடலின் உயிரணுக்களுள் நடைபெறும் இரசாயன வேலைகளை விரைவுபடுத்தும் புரதங்களை நொதிகள் என்கிறோம். அவற்றுள் ஒரு வகை, ஓர் அமினோ அமிலத்திலிருந்து அமினோத் தொகுதியை எடுத்து வேறொரு பொருளுக்கு மாற்றிக் கொடுப்பது. இம்மாற்றத்தை 1937-இல் சோவியத் நாட்டைச் சேர்ந்த பிரான்ஷ்டைன், மரியா கிரிட்ஸ்மன் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். அவ்வேலையைச் செய்யும் நொதிகளுக்கு டிரான்ஸ்அமினேஸ் என்று பெயர். எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் அவ்வினத்தைச் சேர்ந்தவை. இக்காலத்தில் முன்னதை ஏ.எல்.டி. என்றும் பின்னதை ஏ.எஸ்.டி. என்றும் குறிக்கிறார்கள். இவை உயிரணுவுக்குள் இருக்க வேண்டியவை. உயிரணு நலிந்தால் அதன் சுவரைக் கடந்து இரத்தத்தில் கலக்கும். பானையில் விரிசல் கண்டால் தரை ஈரமாவது போன்றதே இது. தரையின் ஈரத்தைக் கொண்டு பானையின் நிலையை அறிகிறோம். ஆனால் விரிசல் எதனால் வந்தது என்று ஈரம் சொல்லாது. புலவருக்கு நேர்ந்த இழுக்குக்கு இதை மறந்ததே காரணம்.

இந்த நொதியை இரத்தத்தில் முதன்முதல் அளந்தவர்கள் கல்லீரலைத் தேடிப் போனவர்களல்லர் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கும். நியூயார்க் நகரில் லடூ, வ்ரோப்லெவ்ஸ்கி, கார்மன் என்னும் மூவர் 1954-இல் வெளியிட்ட கட்டுரை மாரடைப்பைப் பற்றியது. மாரடைப்புக் கண்டவரின் இரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. ஏறிச் சில நாள்களில் இறங்குவதை அவர்கள் கண்டார்கள். ஏனெனில் இதயத் தசையிலும் அந்நொதி மிகுதியாக உண்டு. அடுத்த ஆண்டு, இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் டி ரிட்டிஸ் என்பவரும் தோழர்களும், தொற்று மஞ்சள் காமாலையில் இந்நொதிகள் பன்மடங்கு உயர்வதை எடுத்துக்காட்டினர். இரண்டு நொதிகளுள் எஸ்.ஜி.பி.டி. கல்லீரலிலேயே பெரிதும் தங்குவது என்பதும் தெளிவாயிற்று. இவ்வாறு இதய மருத்துவரின் வீட்டில் பிறந்த எண், ஓரிரு ஆண்டுகளுக்குள் கல்லீரல் மருத்துவரின் வீட்டுக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே மது என்னும் ஐயம் அதைப் பற்றிக்கொண்டது. மது கல்லீரலைக் கெடுக்கும் என்பது பழைய உண்மை. ஊசியால் எடுத்த கல்லீரல் துணுக்கை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் கொழுப்புத் துளிகளும் அழற்சியும் தெரியும்; அவை தெரிந்தால் நோயாளி குடிப்பவர் என்று முடிவு கட்டுவது வழக்கமாயிற்று. இல்லை என்று சொன்னவர்கள் பொய்யராகக் கருதப்பட்டார்கள். அமெரிக்காவின் மேயோ மருத்துவ மனையில் லுட்விக் என்னும் நோய்க்கூறியல் அறிஞரும் அவர் தோழர்களும் 1980-இல் இருபது நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். கல்லீரல் துணுக்கில் மதுவின் அடையாளங்கள் அனைத்தும் இருந்தன, மதுப்பழக்கமோ இல்லை. அவர்களுள் பெரும்பாலோர் உடல் பருத்தவர்கள். பலருக்கு நீரிழிவும் அதைச் சார்ந்த நோய்களும் இருந்தன. மதுவின்றி வரும் இந்த அழற்சிக்கு அக்கட்டுரையிலேயே ஒரு பெயரும் சூட்டப்பட்டது. பெயர் கிடைத்த பிறகுதான் மருத்துவர்கள் நோயாளியின் சொல்லைக் காதுகொடுத்துக் கேட்கத் தொடங்கினார்கள் என்று சொன்னால் அது பெரிதும் மிகையாகாது.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. மதுவால் கெட்ட கல்லீரலில் பெரும்பாலும் ஏ.எஸ்.டி. என்னும் எண், ஏ.எல்.டி.யைப் போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ நிற்கும். வெறும் கொழுப்பேறிய கல்லீரலில் தொடக்க நாள்களில் ஏ.எல்.டி.யே மேலோங்கி நிற்கும். புலவரின் சீட்டில் ஏ.எல்.டி. 58, ஏ.எஸ்.டி. 34. இதுவும் முற்றுறுதியான சான்றன்று. ஆயினும் அவருக்குச் சார்பாகச் சாட்சி சொல்ல அவர் சீட்டிலேயே இரண்டு எண்கள் அருகருகே நின்றிருந்தன. படிப்பாரைத்தான் காணோம்.

இதுவரை சொன்னது ஓர் ஆற்றின் கதை. இதனோடு வந்து கலக்கும் வேறோர் ஆறு உண்டு. சுவீடன் நாட்டு மருத்துவர் கூலின் 1923-இல், இரத்தக் கொதிப்பும், இரத்தத்தில் மிகுந்த சர்க்கரையும், மூட்டு வீக்கம் தரும் கௌட் நோயும் ஒரே மனிதரிடம் கூடி வருவதைக் குறித்து வைத்தார். இங்கிலாந்தில் ஹிம்ஸ்வர்த் 1936-இல், நீரிழிவு உடையவர்களுள் ஒரு சாரார்க்கு இன்சுலின் குறைவு என்பதினும் இன்சுலினின் சொல்லை உடல் கேளாமையே குறை என்று காட்டினார். பிரான்சின் மார்சேல் நகரில் வாக் என்பவர் 1947-இல், கொழுப்பு எவ்வளவு என்பதோடு எங்கே சேருகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்றார்; இடுப்பிலும் தொடையிலும் சேர்வதைவிட உடலின் மேற்பகுதியில் சேர்வதே தீங்கு என்பது அவர் கண்டது. இவை தனித்தனி ஓடைகளாய்க் கிடந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீவன் 1988-இல் ஆற்றிய ஒரு பேருரையில் இவற்றை ஒன்று சேர்த்து, இன்சுலினுக்கு உடல் இணங்காமையே இவற்றின் பொது வேர் என்று விளக்கினார். அன்று அதற்கு அவர் இட்ட பெயர் சின்ட்ரோம் எக்ஸ். இன்று மெட்டபாலிக் சின்ட்ரோம் என்கிறார்கள். தமிழில் வளர்சிதை மாற்றக் கோளாறுத் தொகுதி எனலாம்.

தொகுதி என்றது ஏன் எனின், ஐந்து அளவுகளுள் மூன்று பிசகினால் அக்கோளாறு உண்டென்று கொள்வதால். இந்தியர்க்கு இடுப்புச் சுற்று ஆண்களில் 90 சென்டிமீட்டரையும் பெண்களில் 80-ஐயும் எட்டுதல். இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 150-ஐ எட்டுதல். நன்மை தரும் எச்.டி.எல். கொழுப்பு ஆண்களில் 40-க்கும் பெண்களில் 50-க்கும் கீழே இறங்குதல். இரத்த அழுத்தம் 130-க்கு 85 என்னும் வரம்பை எட்டுதல். வெறும் வயிற்றில் சர்க்கரை 100-ஐ எட்டுதல். இவை கூடினால் நீரிழிவும் இதய நோயும் வரும் வாய்ப்பு மிகும். இப்பட்டியலில் கல்லீரல் நொதிக்கு இடம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அழைப்பிதழில் பெயர் இல்லாத விருந்தாளி அது. ஆனால் பல வீடுகளில் முதலில் வந்து திண்ணையில் அமர்வது அதுவே.

முதலில் வருகிறது என்பதற்குச் சான்று என்ன? சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 1913-ஆம் ஆண்டில் பிறந்த ஆண்களை அவர்களுடைய 54-ஆம் வயதிலிருந்து பதின்மூன்றரை ஆண்டுகள் ஆராய்ச்சியாளர் பின்தொடர்ந்தனர். அவர்களுள் யாருக்குப் பின்னாளில் நீரிழிவு வந்தது என்று பார்த்தபோது, முன்னறிவித்த குறிகளுள் ஒன்றாக இந்தக் கல்லீரல் நொதியும் இருந்தது. அம்முடிவு 1988-இல் வெளிவந்தது. ரீவன் பேருரை ஆற்றிய அதே ஆண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழும் பீமா என்னும் பழங்குடியினரிடையே நீரிழிவு மிக அதிகம். அவர்களிடம் செய்த ஆராய்ச்சி 2002-இல் வெளிவந்தது. ஏ.எல்.டி. உயர்ந்திருந்தவர்களின் கல்லீரல் நாளடைவில் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் போனதையும், அவர்களிடையே நீரிழிவு மிகுந்ததையும் அது காட்டிற்று.

காரணம் இன்னது என்று ஓரளவு சொல்ல முடியும். பெர்னாரிடம் திரும்பி வாருங்கள். வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள், போர்ட்டல் சிரை வழியே நேராகக் கல்லீரலைச் சென்றடைகின்றன. மிகையாக உண்ட மாவையும் சர்க்கரையையும் கல்லீரலே கொழுப்பாக மாற்றுகிறது. இவ்வாறு கொழுப்பேறிய கல்லீரல், ‘போதும், சர்க்கரையை நிறுத்து’ என்று இன்சுலின் இடும் ஆணைக்குச் செவிசாய்ப்பதில்லை. உணவு உண்ட பின்னும், உறங்கும்போதும் வேண்டாத சர்க்கரையை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது; கூடவே டிரைகிளிசரைடையும் அனுப்புகிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து களைத்துப்போகிறது. இதற்கிடையில் கொழுப்பின் சுமையால் நலிந்த கல்லீரல் அணுக்களிலிருந்து நொதி கசிகிறது. கணக்குப்பிள்ளை தடுமாறுகிறார் என்பதற்கு, களஞ்சியத்தின் வாசலில் சிந்திக் கிடக்கும் நாலு நெல்மணிகளே முதல் அடையாளம்.

ஆனால் எச்சரிக்கை ஒன்று உண்டு. நொதி உயர்ந்தவர் எல்லாருக்கும் நீரிழிவு வரும் என்பதில்லை. மஞ்சள் காமாலைக் கிருமிகளான பி, சி ஆகியவற்றாலும், சில மருந்துகளாலும், கடும் உடற்பயிற்சியாலும்கூட இவ்வெண் உயரலாம். அவற்றை முதலில் விலக்க வேண்டும். அதுபோலவே, எண் சரியாக இருக்கிறது என்பதால் கல்லீரலில் கொழுப்பு இல்லை என்றும் முடிவு கட்டலாகாது.

சரியான எண் என்றால் என்ன? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. சீட்டில் ‘இயல்பு அளவு 40 வரை’ என்று அச்சிட்டிருக்கிறார்களே, அந்த நாற்பதை வகுத்தவர் யார்? நோயற்றவர் என்று கருதப்பட்ட பலருடைய இரத்தத்தை எடுத்து அளந்து, அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் எந்த எல்லைக்குள் இருக்கிறார்களோ அதையே இயல்பு என்று கொண்டார்கள். அப்படிக் கருதப்பட்டவர்களுக்குள் கொழுப்பேறிய கல்லீரல் உடையவர்களும், ஹெப்படைடிஸ் சி கிருமி உடையவர்களும் அறியாமலே கலந்திருந்தார்கள். இத்தாலியில் பிராட்டி என்பவரும் குழுவினரும், இரத்த தானம் செய்ய வந்தவர்களுள் உடல் பருத்தவர், கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்தவர் முதலியோரை விலக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டு 2002-இல் வெளியிட்டார்கள். ஆண்களுக்கு மேல் எல்லை 40-லிருந்து 30-ஆகவும், பெண்களுக்கு 30-லிருந்து 19-ஆகவும் இறங்கிற்று. நான் தலைமையாசிரியனாக இருந்தபோது ஓர் ஆண்டு, ஒரு வகுப்பே கணக்கில் பின்தங்கிக் கிடந்தது. அவ்வகுப்பின் சராசரியையே அளவுகோலாகக் கொண்டு ‘பையன் நன்றாகத்தான் படிக்கிறான்’ என்று ஓர் ஆசிரியர் பெற்றோருக்கு எழுதி அனுப்பிவிட்டார். அந்தக் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. பழைய எல்லையே இன்றும் பல சீட்டுகளில் அச்சாகிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் ஸ்டான்லி மருத்துவ மனையில் டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். அந்நாளில் நீரிழிவைச் செல்வர் நோய் என்பார்கள். அவருடைய மகனார் டாக்டர் வி. மோகன் தலைமையில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை நகரில் 26,001 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. அதிலிருந்து 541 பேருக்கு ஸ்கேன் செய்து பார்த்ததில், 173 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 32 பேருக்கு, மதுவால் வாராத கொழுப்பேறிய கல்லீரல் இருந்தது. நீரிழிவு உடையவர்களைத் தனியே எடுத்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது இருந்தது. இம்முடிவு 2009-இல் வெளிவந்தது. 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் நீரிழிவு உடையவர் 10 கோடியைத் தாண்டிவிட்டனர் என்றும், தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுள் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் அது உண்டு என்றும் கூறிற்று. செல்வர் நோய் என்ற பழம்பெயர் இனிப் பொருந்தாது.

‘நகரத்தார்க்குச் சரி, மெலிந்த கிராமத்தாருக்கு ஏது கொழுப்பு?’ என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். மேற்கு வங்காளத்தில் பீர்பூம் மாவட்டத்துக் கிராம மக்களிடம் செய்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்பது பேரிடம் கொழுப்பேறிய கல்லீரல் இருந்தது. அவர்களுள் சரிபாதிக்கு மேற்பட்டோர் பருத்தவர்களும் அல்லர், தொந்தி உடையவர்களும் அல்லர். இன்னொரு சான்று சுவையானது. புனே நகரின் டாக்டர் யாஜ்னிக், இலண்டனின் டாக்டர் யுட்கின் ஆகிய இருவரும் நண்பர்கள். உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம் இருவருக்கும் ஒன்றே. ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு நூற்றுக்கு 9 பங்கு, யாஜ்னிக்குக்கு 21 பங்கு! இருவரும் தம் நிழற்படத்தோடு இதை 2004-இல் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இந்தியக் குழந்தை பிறக்கும்போதே எடை குறைந்து, கொழுப்பு மட்டும் குறையாமல் பிறக்கிறது என்பதும் யாஜ்னிக் கண்டது. தாய் வயிற்றில் பசியைப் பழகிய உடல், பின்னாளில் நிறைய உண்ணும்போது தடுமாறுகிறது என்பது இங்கிலாந்து அறிஞர்கள் ஹேல்ஸ், பார்க்கர் ஆகியோர் 1992-இல் முன்வைத்த கருத்து.

இதைப் படித்தபோது என் ஊர் என் கண்முன் நின்றது. வானம் பார்த்த பூமி எங்களுடையது. நான் சிறுவனாக இருந்தபோது கேழ்வரகுக் கூழும் சோளச் சோறும் கருவாடும்தான் அன்றாட உணவு. அரிசிச் சோறு என்றால் விசேஷ நாள். காப்பிக்குக் கருப்பட்டி, அதுவும் எல்லா நாளும் அன்று. தண்ணீருக்கு என் தாயார் நெடுந்தூரம் நடந்தார். என் தலைமுறையில் பலர் அரைவயிற்றுத் தாய்மாருக்குப் பிறந்தவர்கள். பிறகு நியாயவிலைக் கடை அரிசி வந்தது. 2011 முதல் அது விலையின்றியே கிடைக்கிறது. வளைகுடா நாடுகளிலிருந்து பிள்ளைகள் பணம் அனுப்பினார்கள். பசியைக் கண்டவன் நான். அந்த அரிசியைக் குறைசொல்ல என் நாக்கு எழாது. ஆனால் மூன்று வேளையும் சோறு, நாளைக்கு ஐந்தாறு தேநீர், விருந்தாளி வந்தால் கீழக்கரைத் தொதல், நடை மட்டும் இல்லை என்றாகிவிட்ட வாழ்க்கையில், புலவரின் குச்சிக் கைகளும் சிறு தொந்தியும் எப்படி வந்தன என்பது எனக்கு விளங்கிற்று.

ஏர்வாடியைப் பற்றிப் பேசிவிட்டு எங்கள் ஊரின் ஆறாத புண்ணைப் பேசாமல் விட முடியாது. இந்த எண்ணுக்கும் அதற்கும் தொடர்பும் உண்டு. மனநோயாளரைத் தர்காவுக்கு அழைத்துவந்து தங்கவைக்கும் வழக்கம் இங்கு நெடுநாளையது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றி, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்களுள் 28 பேர் மாண்டனர். அதன்பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. உச்சநீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சங்கிலியின் இடத்தில் மருந்து வரவேண்டும் என்று நாடு முழுவதும் பேசப்பட்டது. மருந்து வந்தது நல்லதே. ஆனால் மனநோய்க்குத் தரும் மருந்துகளுள் ஓலன்சபின், குளோசபின் போன்றவை உடல் எடையையும் சர்க்கரையையும் கொழுப்பையும் உயர்த்தக் கூடியவை. கல்லீரல் நொதியும் உயரலாம். ஆதலால் அத்தகைய மருந்தைத் தொடங்கும்போதும் பின்னரும் எடை, இடுப்புச் சுற்று, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை அளந்து வரவேண்டும் என்று அமெரிக்காவின் மனநல மருத்துவர் சங்கமும் நீரிழிவுச் சங்கமும் கூடி 2004-இல் வகுத்தன. தம் உடல் நோவைத் தாமே எடுத்துச் சொல்ல இயலாதவர்கள் அவர்கள். இடுப்பை அளக்க ஒரு நாடா போதும். மருந்துச் சீட்டோடு வருகிற உறவினரை எங்கள் தெருவில் காணும்போதெல்லாம், ‘நாடா வைத்து அளந்தார்களா அம்மா?’ என்று கேட்டுவிடுகிறேன். சிலர் என்னைத் தையற்காரன் என்று நினைத்ததும் உண்டு.

நோயின் பெயருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். லுட்விக் காலம் முதல் ‘மதுவால் வாராத’ என்ற அடைமொழியோடுதான் இந்நோய் வழங்கிவந்தது. ஒருவரை அவர் செய்யாத செயலைக் கொண்டு அறிமுகப்படுத்துவது போன்றது அது. மறுப்பதற்காகவேனும் மதுவின் பெயர் ஒட்டிக்கொண்டே வந்தது. 2020-இல் ஒரு குழுவினர் பெயரை மாற்ற முன்மொழிந்தனர். 2023-இல் பல நாட்டு மருத்துவச் சங்கங்கள் கூடி, அந்த அடைமொழியைக் களைந்து, வளர்சிதை மாற்றக் கோளாறைச் சார்ந்த கல்லீரல் நோய் என்று பொருள்படும் புதுப்பெயரை ஏற்றுக்கொண்டன. பழம்பெயர் நோயாளிக்கு இழிவு சேர்க்கிறது என்பதும் அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. இதைப் புலவரிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. இந்திய அரசும் 2021-இல் புற்றுநோய், நீரிழிவு, இதய நோய்த் தடுப்புக்கான தேசியத் திட்டத்தில் இந்நோயைச் சேர்த்துக்கொண்டது.

புலவரின் கதையை முடிக்கவில்லையே. வேறொரு மருத்துவரிடம் அவரை அழைத்துச் சென்றேன். அவர் முதலில் எடுத்தது நாடாவை. இடுப்பு 94 சென்டிமீட்டர். வெறும் வயிற்றில் சர்க்கரை 112, டிரைகிளிசரைடு 210, இரத்த அழுத்தம் 136-க்கு 86. ஐந்தில் நான்கு! நீரிழிவு வாசற்படியில் நின்றது, உள்ளே நுழையவில்லை. காமாலைக் கிருமிகள் இல்லை என்று சோதித்து அறிந்தபின் அம்மருத்துவர் சென்னை ஆராய்ச்சி ஒன்றைச் சொன்னார். டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து 2006-இல் வெளியிட்டது அது. வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்களுள் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களுள் 39 பேருக்கு வந்தது. “39 பேருக்கு வந்ததே!” என்றார் புலவர். “வராமற்போன பதினாறு பேரில் நீங்கள் ஒருவராக இருக்கப் பாருங்கள் ஐயா,” என்றார் மருத்துவர்.

அன்று முதல் நாங்கள் இருவரும் விடியலில் கடற்கரைவரை நடக்கிறோம். நண்டுகள் மணலில் ஓடுவதைப் பார்த்தபடி அவர் இலக்கணம் பேசுவார். நான் கேட்டுக்கொண்டு நடப்பேன். இராச்சோற்றைக் குறைத்தார், தேநீரில் சர்க்கரையை நிறுத்தினார். முதல் மாதம் அதைக் கஷாயம் என்று வைதார். எட்டு மாதங்களில் ஐந்து கிலோ எடையும் இடுப்பில் ஆறு சென்டிமீட்டரும் குறைந்தன, ஏ.எல்.டி. 31-க்கு இறங்கிற்று, சர்க்கரை 101-இல் நிற்கிறது. அந்த ஒன்றுக்காக அவர் படும் கவலையைப் பார்த்தால், தேர்வில் ஒரு மதிப்பெண்ணில் தவறிய மாணவனின் நினைவு வருகிறது.

புதிய சீட்டைத் தர்கா வாசல் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டலாமா என்று ஒருநாள் கேட்டேன். “வேண்டாம் சார், அவருக்கும் இடுப்பு பெரிதாகத்தான் இருக்கிறது, நாடாவைக் கொண்டுபோவோம்,” என்றார். பென்சில் கேள்விக்குறி இட்ட பழைய சீட்டை அவர் இன்னும் கிழித்தெறியவில்லை. தமிழ் அகராதிக்குள் மடித்து வைத்திருக்கிறார்.